காகிதத்தின் மேல் போர் பேசியவன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

சீன மொழியில் 'செங்யூ' என்று ஒரு வகை மரபுத்தொடர் உண்டு. பெரும்பாலும் நான்கே எழுத்துகள்தான். ஆனால் பலவற்றுக்குப் பின்னால் ஒரு முழுக் கதை ஒளிந்திருக்கும். நாம் 'கும்பகர்ணத் தூக்கம்', 'அனுமார் வால்' என்று சொன்னால் கதை தெரிந்தவருக்குத்தானே அது விளங்கும்? அதைப்போலத்தான். இன்று நான் எடுத்துக்கொண்ட தொடர் 'ஜி ஷாங் தான் பிங்'. ஜி என்றால் காகிதம், ஷாங் என்றால் மேல், தான் என்றால் பேசுதல், பிங் என்றால் படை அல்லது போர். காகிதத்தின் மேல் போர் பேசுதல். களத்தில் இறங்காமல் படித்ததை மட்டும் வைத்துக்கொண்டு அளப்பவரைச் சீனர்கள் இப்படிச் சொல்லுவார்கள். நம் 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' கிட்டத்தட்ட இதேதான். ஒரு வித்தியாசம் உண்டு. நம் சுரைக்காய்க்குப் பெயரில்லை. அவர்களுடைய பழமொழிக்குப் பின்னால் பெயரோடும் ஊரோடும் ஒரு மனிதன் இருக்கிறான். ஜாவ் குவோ என்று பெயர். ஏறத்தாழ 2,280 ஆண்டுகளாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான்.

காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. சீனா அப்போது ஒரே நாடு அல்ல. ஏழு பெரிய அரசுகள் ஒன்றையொன்று தின்னப் பார்த்துக்கொண்டிருந்தன. மேற்கே இருந்த சின் நாடு எல்லோருக்கும் எமன். வடக்கே இருந்த ஜாவ் நாடு ஒன்றுதான் அதை நேருக்கு நேர் நின்று பார்க்கக்கூடிய பலத்தோடு இருந்தது. ஜாவ் நாட்டின் தலைநகர் ஹான்தான். அந்த ஊர் இன்றும் அதே பெயரில் ஹபேய் மாகாணத்தில் இருக்கிறது.

நம் ஆளைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவன் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர்கள் அந்த அப்பாவும் அம்மாவும்தான்.

அப்பா பெயர் ஜாவ் ஷெ. முதலில் நிலவரி வசூலிக்கும் சாதாரண அதிகாரி. அரசனின் தம்பி பிங்யுவான் பிரபுவின் வீட்டார் வரி கட்ட மறுத்தார்கள். ஜாவ் ஷெ சட்டப்படி நடவடிக்கை எடுத்து, அந்த வீட்டு நிர்வாகிகள் ஒன்பது பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றிவிட்டார். பிரபு கொதித்துப்போய் இவரைக் கொல்லப் பார்த்தார். இவரோ அசரவில்லை. உங்களைப் போன்ற பெரிய வீடே சட்டத்தை மதிக்காவிட்டால் நாடு பலவீனப்படும், நாடு போனால் உங்கள் செல்வம் மட்டும் எங்கே நிற்கும் என்று கேட்டார். பிரபுவுக்கு உறைத்தது. கொல்ல நினைத்த ஆளையே அரசனிடம் சிபாரிசு செய்தார். அந்தப் பிரபுவையும் பாராட்ட வேண்டும்.

கி.மு. 270-ஐ ஒட்டி சின் படை யூயு என்ற இடத்தை முற்றுகையிட்டது. மீட்க முடியுமா என்று அரசன் கேட்டபோது மூத்த தளபதி லியன் போ, தூரமும் அதிகம், வழியும் குறுகல், கஷ்டம் என்றார். ஜாவ் ஷெ மட்டும், வளைக்குள் இரண்டு எலி சண்டை போடுவது மாதிரிதான், துணிந்தவன் ஜெயிப்பான் என்றார். படையோடு கிளம்பி ஹான்தானிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே முகாம் போட்டு, 28 நாள் அசையாமல் மதில் கட்டிக்கொண்டிருந்தார். வந்த ஒற்றனுக்கு நன்றாகச் சாப்பாடு போட்டு அனுப்பினார். இவன் பயந்தாங்கொள்ளி என்று எதிரி நினைத்த நேரத்தில் இரண்டு பகல் ஒரு இரவில் பாய்ந்து போய் நின்றார். அங்கே ஷூ லி என்ற ஒரு வீரன், போர் விஷயமாக யாரும் வாய் திறந்தால் தலை போகும் என்ற உத்தரவையும் மீறி வந்து, வடக்கு மலையை முதலில் பிடிப்பவனே வெல்வான் என்று சொன்னான். ஜாவ் ஷெ அவன் தலையை எடுக்கவில்லை. பத்தாயிரம் பேரை மலைக்கு அனுப்பினார். வென்றார். அரசன் அவருக்கு 'மாஃபு பிரபு' என்ற பட்டம் கொடுத்தான். இந்தப் பட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த பையன் சிறு வயதிலேயே போர்க்கலை நூல்களையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டான். அப்பாவோடு வாதம் செய்வான். யூயுவில் ஜெயித்த அப்பாவால் வாதத்தில் பையனை ஜெயிக்க முடியவில்லை. ஆனால் ஒரு நாளும் அவர் சபாஷ் என்று சொன்னதில்லை. ஏன் என்று மனைவி கேட்டாள். போர் என்பது உயிர் போகும் இடம், இவன் அதைச் சுலபமாகப் பேசுகிறான், நாடு இவனைத் தளபதி ஆக்காமல் இருந்தால் நல்லது, ஆக்கினால் நம் படையை அழிப்பவன் இவனாகத்தான் இருப்பான் என்றார். பையனின் வாதத்தில் தப்பு இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் பேசுகிற விதத்தில் இருந்த லேசுதான் அவரை உறுத்தியது. ஆசிரியர் பயிற்சியில் பாடக் குறிப்பு எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிட்டு, முதல் நாள் ஐம்பது பிள்ளைகள் முன்னால் போய் நின்ற எவருக்கும் அந்த அப்பா சொன்னது புரியும்.

கி.மு. 262-இல் சிக்கல் தொடங்கியது. சின் படை ஹான் நாட்டைத் தாக்கி, ஷாங்தாங் என்ற மலைப்பகுதியை அதன் தலைநகரிலிருந்து துண்டித்துவிட்டது. அதன் ஆளுநர் சின்னிடம் சரணடைய விரும்பாமல், பதினேழு ஊர்களையும் ஜாவ் நாட்டுக்குத் தந்துவிடுகிறேன் என்றார். ஓசியில் வந்த சொத்து. வேண்டாம், காரணமில்லாமல் வரும் லாபம் ஆபத்து என்று ஒரு பிரபு எச்சரித்தார். அரசன் கேட்கவில்லை. வாங்கிக்கொள்ளலாம் என்றவர்களில் நாம் மேலே பார்த்த அதே பிங்யுவான் பிரபுவும் ஒருவர். இரண்டு பெரும் படைகளும் சாங்பிங் என்ற இடத்தில் எதிரெதிரே நின்றன. இன்றைய ஷான்ஸி மாகாணத்துக் காவ்பிங் வட்டாரம் அது.

ஜாவ் ஷெ அப்போது உயிரோடு இல்லை. லியன் போதான் தலைமை. சில மோதல்களில் அடி வாங்கிய பிறகு கிழவர் கோட்டைக் கரைகளை உயர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். எதிரி எவ்வளவு சீண்டியும் வெளியே வரவில்லை. தொலைவிலிருந்து வந்தவன் அவன், சோறில்லாமல் அவனே போகட்டும் என்பது கணக்கு. ஹான்தான் அரண்மனையில் இருந்தவர்களுக்கு அது கோழைத்தனமாகத் தெரிந்தது. அரசன் ஆள்மேல் ஆள் அனுப்பித் திட்டினான்.

இந்த இடத்தில்தான் சின் நாட்டு முதலமைச்சர் ஃபான் ஜூ பொன்னை அவிழ்த்துவிட்டார். ஜாவ் தலைநகரில் ஒரு வதந்தி பரவியது: சின் பயப்படுவது மாஃபு பிரபுவின் மகன் குவோ ஒருவனுக்குத்தான், லியன் போவைச் சமாளிப்பது சுலபம், அவர் எப்படியும் சரணடையப் போகிறார். அரசன் நம்பினான். எதிரி யாரைக் கண்டு பயப்படுகிறான் என்பதை எதிரியே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவானா என்று கேட்க அந்த அரண்மனையில் ஆளில்லை.

ஆளே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நோயில் படுத்திருந்த மூத்த அமைச்சர் லின் சியாங்ரு தடுத்துப் பார்த்தார். அவர் சொன்ன உவமையே தனியாக இன்னொரு செங்யூ ஆகிவிட்டது. தந்தி வாத்தியத்தின் கட்டைகளைப் பசை போட்டு ஒட்டிவிட்டு வாசிப்பது போல என்றார். சுருதி கூட்டவோ குறைக்கவோ முடியாத வாத்தியம். அப்பா விட்டுப்போன நூலைப் படிக்கத் தெரியும், நிலைமைக்குத் தக்கபடி மாறத் தெரியாது என்று பொருள்.

அடுத்தது அந்தத் தாயின் கடிதம்.

பெற்ற மகனுக்கு நாட்டின் மிகப் பெரிய பதவி கிடைத்திருக்கிறது. தெருவே வந்து வாழ்த்தியிருக்கும். அவளோ அரசனுக்கு எழுதி, என் மகனை அனுப்பாதீர்கள் என்று கேட்டாள். ஏன் என்றான் அரசன். அவள் கணவனையும் மகனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவர் தளபதியாக இருந்தபோது தன் கையால் உணவு எடுத்துக் கொடுத்து உபசரித்தவர்கள் பத்துப் பத்தாக இருந்தார்கள், நண்பராக நடத்தியவர்கள் நூற்றுக்கணக்கில். அரசர் கொடுத்த பரிசையெல்லாம் படைக்கே பங்கிட்டார். உத்தரவு வந்த நாளிலிருந்து வீட்டு விஷயம் எதையும் கேட்க மாட்டார். மகன்? தளபதியான அன்றே உயர்ந்த ஆசனத்தில் கிழக்கு நோக்கி உட்கார்ந்து வணக்கம் வாங்குகிறான். அதிகாரிகள் நிமிர்ந்து பார்க்கப் பயப்படுகிறார்கள். நீங்கள் கொடுத்த பொன்னும் பட்டும் வீட்டுக்குள் போய்விட்டன. எந்த நிலம், எந்த வீடு மலிவாக வருகிறது என்று தினமும் பார்த்து வாங்குகிறான். அப்பாவும் பிள்ளையும் ஒரே மனம் படைத்தவர்கள் அல்ல.

நான் இதை எத்தனை முறை படித்தாலும் ஒரு விஷயத்தில் நின்றுவிடுகிறேன். மகனுக்குப் போர் நூல் தெரியாது என்றோ வியூகம் தெரியாது என்றோ அவள் சொல்லவே இல்லை. அவன் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், பணத்தை என்ன செய்கிறான், அவன் முன்னால் பேச மற்றவர்களுக்குத் தைரியம் இருக்கிறதா, அவ்வளவுதான் பார்த்தாள். ஷூ லி மாதிரி ஒரு சாதாரண வீரன் இந்தத் தளபதியிடம் வந்து யோசனை சொல்ல முடியுமா? முடியாது. அதை அந்த வீட்டுப் பெண்மணி, போர்க்களத்தைப் பார்க்காமலே கண்டுகொண்டாள்.

அரசன், விடுங்கள் தாயே, நான் முடிவு செய்துவிட்டேன் என்றான். அப்படியானால் ஒரே வேண்டுகோள் என்றாள் அவள். அவன் தோற்றால் அந்தக் குற்றத்துக்காக என்னையும் சேர்த்துத் தண்டிக்கக் கூடாது. அந்தக் காலத்துச் சட்டத்தில் ஒருவன் குற்றத்துக்குக் குடும்பமே பொறுப்பு. அரசன் சரி என்றான்.

கி.மு. 260. ஜாவ் குவோ போனான். லியன் போவின் நடைமுறைகளை மாற்றினான், அதிகாரிகளை மாற்றினான். எதிர்ப்பக்கத்திலும் ஒரு மாற்றம் நடந்திருந்தது. சின் அரசன் தன் தலைசிறந்த தளபதி பாய் ச்சியை ரகசியமாகக் கொண்டுவந்திருந்தான். அவர் வந்த செய்தியை வெளியே விட்டவன் தலை போகும் என்று உத்தரவு. ஜாவ் படை தாக்க, சின் படை தோற்று ஓடுவதுபோலப் பின்வாங்கியது. துரத்திக்கொண்டு எதிரியின் கோட்டை வரை போனார்கள். அது அசையவில்லை. அதற்குள் 25,000 பேர் கொண்ட படை பின்னால் போய் வழியை அடைத்துவிட்டது. 5,000 குதிரைப்படை நடுவில் புகுந்து ஜாவ் படையை இரண்டாக வெட்டியது. சோறு வரும் வழி நின்றது.

இதைக் கேட்டதும் சின் அரசன் தானே எல்லைப் பகுதிக்கு வந்து, மக்களுக்கு ஆளுக்கொரு படி உயர்ந்த பட்டம் கொடுத்து, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லோரையும் சாங்பிங்குக்கு அனுப்பினான். உதவிப்படையும் தானியமும் வராமல் தடுப்பது அவர்கள் வேலை. ஜாவ் நாடு கிழக்கே இருந்த ச்சி நாட்டிடம் (தளபதி பெயரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்) தானியம் கேட்டது. அங்கே ஒரு ஆலோசகர், ஜாவ் உதடு, நாம் பல், உதடு போனால் பல்லுக்குக் குளிரும் என்று மன்றாடினார். கொடுக்கவில்லை. 'உதடு போனால் பல் குளிரும்' என்பதும் ஒரு புகழ்பெற்ற செங்யூதான்.

நாற்பத்தாறு நாள் சோறில்லை. உள்ளே ஒருவரையொருவர் ரகசியமாகக் கொன்று தின்றார்கள் என்கிறது வரலாறு. படையை நான்காகப் பிரித்து மாறி மாறி உடைத்து வெளியேறப் பார்த்தார்கள். முடியவில்லை. கடைசியில் ஜாவ் குவோ தேர்ந்த வீரர்களோடு தானே முன்னால் நின்று பாய்ந்தான். அம்பு பட்டுச் செத்தான். மீதிப் படை சரணடைந்தது. நான்கு லட்சம் பேர். இவர்களை விட்டால் மறுபடி எழுவார்கள் என்று கருதிய பாய் ச்சி, ஏமாற்றி அத்தனை பேரையும் கொன்றார். வயதில் சிறிய 240 பேரை மட்டும் ஊருக்கு அனுப்பினார். சேதி சொல்லத்தான். ஹான்தானில் அந்த 240 பையன்கள் நுழைந்த நாளை நினைத்துப் பாருங்கள். எத்தனை ஆயிரம் தாய்மார்கள் வாசலில் நின்றிருப்பார்கள்.

இதையெல்லாம் நமக்கு எழுதி வைத்தவர் சீன வரலாற்றின் தந்தை எனப்படும் சிமா சியென். அவருடைய 'ஷிஜி' கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிந்தது. அதாவது போர் நடந்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் ஆன பிறகு. இன்னொரு செய்தி கேட்டால் திகைப்பீர்கள். சிமா சியென் தன் நூலின் கடைசி அத்தியாயத்தில் தன் வம்சத்தைச் சொல்லும்போது, தன் முன்னோர் ஒருவர் பாய் ச்சியோடு சேர்ந்து சாங்பிங்கில் அந்தப் படையைப் புதைத்தவர், பிறகு பாய் ச்சியோடு சேர்ந்தே மரண உத்தரவு பெற்றவர் என்று மறைக்காமல் எழுதியிருக்கிறார். நான்கு லட்சம் பேர் கதையை எழுதியவரின் குடும்பத்துக் கையிலும் அந்த ரத்தம் இருந்தது.

இனி என் அபிப்பிராயம். ஜாவ் குவோவை வெறும் புத்தகப் பூச்சி என்று தள்ளிவிடுவது நியாயமா? எனக்குச் சம்மதமில்லை. வெறும் வாய்ச்சொல் வீரனாக இருந்தால் நாற்பத்தாறு நாள் பட்டினியில் ஒரு படை அவன் பின்னால் நின்றிருக்காது. எதிரே இருப்பது பாய் ச்சி என்பதே அவனுக்கு மறைக்கப்பட்டிருந்தது. பாய் ச்சி அந்தக் காலத்தில் யாரிடமும் தோற்காதவர். சின் படையிலும் பாதிக்கு மேல் செத்தது என்று அவரே பிறகு சொன்னதாக 'ஷிஜி' சொல்கிறது. தன் தளபதியை நம்பாமல் வதந்தியை நம்பியது அரசன். இலவச நிலத்துக்கு ஆசைப்பட்டது அரசன். இருவர் எச்சரித்தும் கேளாதது அரசன். பழமொழியில் அரசன் இல்லை பாருங்கள்! செத்தவன் பெயர்தான் மாட்டிக்கொண்டது. அம்மா சொன்ன குறையும் 'அனுபவமில்லை' என்பதல்ல, முன்பே சொன்னேன். ஆனால் கர்வத்தையும் பேராசையையும் பற்றிச் சொன்ன ஒரு கதை, போகப் போகப் புத்தகத்துக்கும் அனுபவத்துக்கும் நடந்த வழக்காக மாறிவிட்டது. புத்தகம் பாவம்.

இன்னொரு வேடிக்கை அந்தத் தொடரிலேயே இருக்கிறது. கி.மு. 260-இல் காகிதமே கிடையாது! எழுதியது மூங்கில் பட்டைகளிலும் பட்டுத் துணியிலும். ஜாவ் குவோ படித்ததும் மூங்கில் நூல், சிமா சியென் எழுதியதும் மூங்கில் நூல். இதுவரை கிடைத்த மிகப் பழைய காகிதங்களில் ஒன்று, 1986-இல் கன்சு மாகாணத்தில் ஒரு கல்லறையில் கிடைத்த வரைபடத் துண்டு, கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எழுதத் தகுந்த நல்ல காகிதத்தைச் சாய் லுன் அரசவையில் காட்டியது கி.பி. 105-இல். ஆகவே 'ஷிஜி'யில் கதை இருக்கிறது, இந்த நான்கு எழுத்துத் தொடர் இல்லை. அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டு நாவலான 'செம்மாடக் கனவு' நூலில் ஒரு பெண் இதைச் சொல்கிறாள். போரைப் பற்றி அல்ல. கவிதை எழுதும் தோழிகளைப் பற்றி! பக்கத்திலேயே பெரிய கவிஞை இருக்கும்போது நாம் தினமும் காகிதத்தில் போர் பேசிக்கொண்டிருந்தோமே என்று வியக்கிறாள். அதற்குள் அந்தத் தொடர் ரத்தமெல்லாம் கழுவிப்போய், அரட்டைக்கு உதவும் சொல் ஆகிவிட்டது.

ரத்தம் மண்ணில் இருந்தது. 1995-இல் காவ்பிங் பக்கத்து யோங்லு கிராமத்தில் நிலத்தைக் கிளறியபோது எலும்புகள் வந்தன. தொல்லியல் துறையினர் தோண்டிய ஒரே குழியில் சுமார் 130 ஆண்களின் எலும்புக்கூடுகள். பலவற்றில் மண்டையில் வெட்டு, அடி, அம்பு. உயிரோடு புதைத்தார்கள் என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். இந்தக் குழியில் இருந்தவர்களில் பலர் கொல்லப்பட்ட பிறகே போடப்பட்டவர்கள் என்று தெரிந்தது. நான்கு லட்சம் என்ற எண்ணிக்கை மிகை என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எனக்கும் அது பெரிய எண்ணாகத்தான் படுகிறது. கொலை நடந்தது என்பதில் சந்தேகமில்லை. அந்த வட்டாரத்து மக்கள் இன்றும் சோயாவில் செய்த டோஃபுவைச் சுட்டு, இஞ்சி பூண்டு அரைத்த விழுதோடு சாப்பிடுகிறார்கள். அதற்குப் பெயர் 'பாய் ச்சியின் மாமிசம்'. தொட்டுக்கொள்ளும் விழுது அவர் மூளையாம். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷக் கோபம்.

பாய் ச்சி என்ன ஆனார்? அடுத்து ஹான்தானைத் தாக்கச் சொன்னபோது, இது சரியான நேரமில்லை என்று மறுத்தார். அரசன் கி.மு. 257-இல் வாளை அனுப்பி, தானே சாகச் சொன்னான். சாகும் முன், நான் என்ன குற்றம் செய்தேன் என்று முதலில் கேட்டவர், பிறகு சாங்பிங்கை நினைத்து, இந்த ஒன்று போதும் சாவதற்கு என்று சொன்னாராம்.

ஜாவ் குவோவின் அம்மாவை அரசன் தொடவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான், அந்த ஒன்றையாவது. சீனத்தின் பின்னாளைய வரலாற்று நூல் ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டின் புகழ்பெற்ற தளபதி மா யுவான் (அவர் இறந்தது கி.பி. 49-இல்) ஜாவ் ஷெயின் வழிவந்தவர் என்கிறது. மாஃபு பிரபு பட்டத்திலிருந்து 'மா' என்பதை எடுத்துச் சந்ததியினர் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்களாம். இன்று 'மா' சீனாவில் மிகப் பரவலான பெயர்களில் ஒன்று. எல்லோரும் இந்த வழி அல்ல, ஒரு கிளை இது. அந்தத் தாயைச் சிமா சியென் 'குவோவின் அம்மா' என்றுதான் எழுதுகிறார். அவள் பெயரைச் சொல்லவில்லை.

லியன் போ முதுகில் முள் விறகைச் சுமந்துகொண்டு போய் லின் சியாங்ருவிடம் மன்னிப்புக் கேட்ட கதை ஒன்று இருக்கிறது. அதுவும் ஒரு செங்யூதான். கண் பரிசோதனை முடிந்து வந்ததும் அடுத்த பதிவில் எழுதுகிறேன்.